சூப்பர் டெலிகேட் பிறந்த கதை

1980 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு கூடியிருந்தது. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் சண்டை அன்று இரவே, ஒரு விதியை முன்வைத்து நடந்து முடிந்துவிட்டது.

விதி இதுதான். மாநிலத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லித் தேர்வான பிரதிநிதி, மாநாட்டின் முதல் சுற்றில் அவருக்குத்தான் வாக்களிக்க வேண்டும். மனம் மாறினால் அவரை அங்கேயே எழுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைக்கலாம். ஜிம்மி கார்ட்டர் அப்போது பதவியில் இருந்த அதிபர். மாநாட்டில் பெரும்பான்மை பெறத் தேவையானதைவிட அதிகமான பிரதிநிதிகள் அவர் கையில் இருந்தார்கள். அவரை எதிர்த்து நின்ற செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு இருந்த ஒரே வழி அந்த விதியை உடைப்பதுதான். மனிதர்களை எந்திரமாக்கும் ரோபோ விதி என்று அவர் தரப்பு அதைச் சாடியது. விதி நீடிக்க வேண்டும் என்று 1,936 வாக்குகள், கூடாது என்று 1,390. அன்று இரவே கென்னடி போட்டியிலிருந்து விலகினார்.

கடைசி நாள் மேடையில் நடந்ததை அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். போட்டியிட்ட இருவரும் கைகோத்து உயர்த்திக் காட்டுவது அங்கே வழக்கம். கென்னடி வந்தார், கார்ட்டரின் கையைக் குலுக்கினார், மற்றவர்களோடும் கை குலுக்கினார். கார்ட்டர் அருகே நகர்ந்து நகர்ந்து போனார். அந்தக் கை மட்டும் உயரவில்லை. கூரையிலிருந்து கொட்ட வேண்டிய பலூன்களும் மேலேயே சிக்கிக்கொண்டன. நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் 44 மாநிலங்களை அள்ளினார்.

தோற்ற கட்சி உட்கார்ந்து யோசித்தபோது பிறந்ததுதான் சூப்பர் டெலிகேட். எந்த மாநிலத்துத் தேர்தலிலும் நிற்காமல், எந்த வேட்பாளருக்கும் வாக்குக் கொடுக்காமல், வகிக்கும் பதவியின் பேரிலேயே மாநாட்டுக்கு வந்து தன் விருப்பப்படி வாக்களிக்கும் பிரதிநிதி அவர். செனட்டர், ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர், கட்சியின் தேசியக் குழு உறுப்பினர் என்று எல்லா வகையினரும் இதில் உண்டு. விதிப் புத்தகத்தில் அவர்களுக்கு நீளமான வேறு பெயர் இருக்கிறது. சூப்பர் என்ற அடைமொழி, இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்களிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தப் பிறப்பைப் புரிந்துகொள்ள 1968-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் கட்சித் தேர்தலில், வியட்நாம் போரை எதிர்த்த செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீத வாக்குகள் வாங்கினார். அதிபர் லிண்டன் ஜான்சன் அவரைவிடக் கூடுதலாகத்தான் வாங்கியிருந்தார். ஆனாலும் பதவியில் இருக்கும் அதிபருக்கு அது அவமானமாகப் போயிற்று. அந்த மாதக் கடைசியிலேயே தான் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். ராபர்ட் கென்னடி அதற்குள் களத்தில் குதித்திருந்தார். ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் வென்ற இரவிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் சுடப்பட்டார்.

மெக்கார்த்தியும் கென்னடியும் மாநிலம் மாநிலமாக அலைந்து வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில், துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு மாநிலத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனவர் அவர்தான். அன்று பெரும்பாலான பிரதிநிதிகளை அனுப்பியவர்கள் மாநிலக் கட்சித் தலைவர்களும் நகர மேயர்களும். பென்சில்வேனியாவில் மக்கள் வாக்கில் மெக்கார்த்தி அமோகமாக வென்றார். அந்த மாநிலப் பிரதிநிதிகளில் பெரும்பாலானோர் போனது ஹம்ப்ரியிடம். மாநாட்டுப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் 1968 பிறக்கும் முன்பே தேர்வாகிவிட்டார்கள் என்று பிற்பாடு கட்சியின் குழுவே கண்டறிந்தது. போர் தேர்தலின் பெரிய கேள்வியாக எழுவதற்கு முன்பே, போட்டியில் யார் யார் என்று தெரிவதற்கு முன்பே, வாக்குகள் கைமாறியிருந்தன. அரங்கிலிருந்து தொலைவில், மிச்சிகன் அவென்யூவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் போலீஸ் போராட்டக்காரர்களை அடித்து நொறுக்கியது. ஹம்ப்ரி குடியரசுக் கட்சியின் நிக்சனிடம் தோற்றார்.

அந்த மாநாட்டிலேயே நிறைவேறிய ஒரு தீர்மானத்தால் அமைந்தது மெக்கவர்ன்–ஃப்ரேசர் குழு. முதலில் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்னும், அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போனதும் மின்னசோட்டா நாடாளுமன்ற உறுப்பினர் டொனால்ட் ஃப்ரேசரும் அதற்குத் தலைமை வகித்தார்கள். அந்தக் குழு வகுத்த 18 நெறிகள் கட்சியைத் தலைகீழாகப் புரட்டின. பிரதிநிதித் தேர்வு திறந்த முறையில், தேர்தல் ஆண்டிலேயே நடக்க வேண்டும். பெண்கள், இளைஞர்கள், கறுப்பர்கள் அவரவர் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் இடம்பெற வேண்டும். தலைவர்கள் மூடிய அறையில் பட்டியல் எழுதும் காலம் முடிந்தது. இந்த நெறிகளுக்கு ஈடுகொடுக்க நேரடித் தேர்தலே சுலபமான வழி என்று பல மாநிலங்கள் பிரைமரி முறைக்கு மாறின. அமெரிக்க அரசியலில் கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இதனால் ஒரு கூட்டமே மாநாட்டிலிருந்து காணாமல் போனது. புதிய முறையில் பிரதிநிதி ஆக வேண்டுமானால், இன்ன வேட்பாளருக்கு ஆதரவு என்று முன்கூட்டியே அறிவித்து, உள்ளூர்த் தொண்டர்களோடு மோதி வெல்ல வேண்டும். எந்த செனட்டர் அதற்கு இறங்கி வருவார்? தன் தொகுதியில் தனக்காகச் சுவரொட்டி ஒட்டியவரையே எதிர்த்து நின்று ஜெயித்தாலும் நஷ்டம், தோற்றாலும் நஷ்டம். 1968-இல் கட்சியின் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மாநாட்டில் வாக்குள்ள பிரதிநிதிகளாக இருந்தார்கள். 1980-இல் ஏழு பேரில் ஒருவர்தான்.

1972-இல் மெக்கவர்னே வேட்பாளர் ஆனார். சிகாகோவை ஆட்டிப்படைத்த மேயர் டேலியின் அணி புதிய விதிகளை மீறியது என்று மயாமி பீச் மாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த இருக்கைகளில் கறுப்பின உரிமைப் போராளி ஜெஸ்ஸி ஜாக்சனோடு வந்த அணி அமர்ந்தது. வேட்பாளர் உரையை மெக்கவர்ன் நிகழ்த்தியபோது விடியற்காலை மூன்று மணி ஆகிவிட்டது. நாட்டில் பாதிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள். நவம்பரில் அவர் வென்றது மாசசூசெட்ஸையும் தலைநகர் வாஷிங்டனையும் மட்டும்.

1976-இல் வாஷிங்டனில் யாருக்கும் அதிகம் தெரியாத ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் கார்ட்டர், அன்று முதலில் வாக்களித்த ஐயோவா மாநிலத்திலிருந்து வீடு வீடாகத் தொடங்கி வேட்பாளராகி, அதிபரும் ஆனார். சொந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களோடு அவருக்குக் கடைசிவரை ஒட்டவே இல்லை. 1979-இல் பெட்ரோல் தட்டுப்பாடும் விலைவாசியும் சேர்ந்து அவரை அழுத்த, கருத்துக் கணிப்புகளில் எட்வர்ட் கென்னடி வெகு தூரம் முன்னால் போனார். நவம்பர் 4 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் அவருடைய பேட்டி ஒளிபரப்பானது. எதற்காக அதிபராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார் செய்தியாளர் ரோஜர் மட். கென்னடி தடுமாறினார். பதில் எங்கெங்கோ சுற்றியது, சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அதே நாளில்தான் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. பணயக்கைதிகள் அங்கே இருக்கும்போது நாடு தன் அதிபரின் பின்னால் திரண்டது. ஜனவரியில் ஐயோவாவில் கார்ட்டருக்கு 59 சதவீதம், கென்னடிக்கு 31. கைதிகள் திரும்பாமல் மாதங்கள் ஓட ஓட அந்த ஆதரவு கரைந்தது. மார்ச்சில் நியூயார்க்கையும், ஜூனில் கலிஃபோர்னியாவையும் நியூஜெர்சியையும் கென்னடி வென்றார். ஆனால் அதற்குள் கார்ட்டரின் பெட்டி நிறைந்திருந்தது. மனம் மாறினாலும் வாக்கு மாற முடியாத நிலையில்தான் ஆகஸ்ட் மாநாடு கூடியது.

1981-இல் கட்சித் தலைவர் சார்ல்ஸ் மானட் ஒரு குழுவை அமைத்தார். தலைமை வட கரோலினா ஆளுநர் ஜேம்ஸ் ஹன்ட். மெக்கவர்னின் படுதோல்வியும் கார்ட்டரின் தனிமையும் இரண்டு பக்கமிருந்தும் அந்த மேசையை அழுத்திக்கொண்டிருந்தன. கட்சியின் அனுபவசாலிகள் மாநாட்டுக்குத் திரும்ப வேண்டும், அவர்களை எந்த வேட்பாளரும் கட்டிப்போடக் கூடாது, இழுபறி வந்தால் நாட்டையும் நாடாளுமன்றத்தையும் அறிந்தவர்களாக நின்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டம். மாநாட்டில் 30 சதவீத இடம் இவர்களுக்கு வேண்டும் என்று முதலில் பேச்சு எழுந்தது.

எதிர்ப்பு உடனே வந்தது. கென்னடி அணியின் சார்பில் சூசன் எஸ்ட்ரிச் வாதாடினார். இந்த இடங்களில் உட்காரப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், பெரும்பாலும் ஆண்கள், பதினைந்து ஆண்டு போராடிப் பெற்ற சமத்துவத்தை இது பின்வாசல் வழியாகப் பறித்துவிடும் என்பது அந்தத் தரப்பின் அச்சம். அன்றைய செனட்டையும் ஆளுநர்கள் பட்டியலையும் பார்த்தவர்கள் யாரும் அதை மறுத்திருக்க முடியாது. சமரசத்துக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஜெரால்டின் ஃபெராரோ. நாடாளுமன்றக் கட்சி தன் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்பும். ஒவ்வொரு மாநிலக் கட்சியின் தலைவரும் துணைத் தலைவரும் வருவார்கள். கட்சி விதிப்படி இந்த இருவரில் ஒருவர் ஆண் என்றால் மற்றவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதால் பெண்களுக்கும் இடம் கிடைக்கும். 30 சதவீதம் 14 ஆகக் குறைந்தது. 1982 வசந்தத்தில் தேசியக் குழு ஒப்புதல் தந்தது. 1984 மாநாட்டின் 3,933 இடங்களில் 568 இவர்களுக்கு.

அதே குழு சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்தது. ரோபோ விதியை எடுத்துவிட்டு, பிரதிநிதிகள் தங்களைத் தேர்ந்தெடுத்த மக்களின் எண்ணத்தை மனசாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்ற வாசகத்தை அந்த இடத்தில் எழுதியது. கென்னடி மாநாட்டில் தோற்ற கோரிக்கை இரண்டு ஆண்டில் விதிப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. ஹன்ட் குழுவின் மேலான வேலை என்று நான் கருதுவது இந்த ஒரு வரியைத்தான். 2024 ஜூலையில் அதிபர் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று நெருக்கடி முற்றியபோது எல்லோரும் தேடிப் படித்த வரி அது. ஜூலை 21 அன்று அவரே விலகிவிட, மறுநாள் இரவுக்குள் பெரும்பான்மைக்கு வேண்டிய பிரதிநிதிகள் துணை அதிபர் கமலா ஹாரிஸின் பக்கம் வந்துவிட்டார்கள். பைடன் பெயரில் தேர்வானவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

சூப்பர் டெலிகேட்டின் கதை வேறு மாதிரி போனது. நடுவர்களாக நின்று கடைசியில் தீர்ப்புச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் படைக்கப்பட்டவர்கள், முதல் தேர்தலிலேயே ஆட்டம் தொடங்கும் முன்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 1984 ஜனவரியில், ஐயோவாவில் ஒரு வாக்கும் விழாத நிலையில், நாடாளுமன்றக் கட்சி தன் சூப்பர் டெலிகேட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் பெருவாரியானோர் கார்ட்டரின் துணை அதிபராக இருந்த வால்டர் மாண்டேலின் ஆட்கள். இது சதி அல்ல. பதவியில் இருப்பவருக்கு நெடுநாள் பழகிய ஆள் யாரோ அவர்மேல்தான் நம்பிக்கை இருக்கும். ஹன்ட் குழுவின் மேசையில் இருந்தவர்கள் மனித சுபாவத்தின் இந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

மாண்டேலை மிரட்டியவர் கொலராடோ செனட்டர் கேரி ஹார்ட். 1972-இல் மெக்கவர்னின் பிரசாரத்தை நடத்தியவர் இவர். திறந்த முறையின் கதவு வழியே தன் தலைவரை வேட்பாளராக்கிய அதே மனிதர், அந்தக் கதவைப் பாதி மூட வந்த விதியின் எதிரில் முதல் ஆளாக வந்து நின்றார். ஐயோவாவில் வெறும் 16 சதவீதம் வாங்கி இரண்டாவது வந்தவர், எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷயரை வென்றார். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் யார் கை ஓங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜூன் 5, கடைசி நாள். கலிஃபோர்னியா ஹார்ட்டுக்கு, நியூஜெர்சி மாண்டேலுக்கு. நியூஜெர்சியின் நச்சுக் கழிவைப் பற்றி ஹார்ட் வாய்தவறிச் சொன்ன ஒரு கிண்டல் அந்த மாநிலத்தை அவரிடமிருந்து பறித்தது என்று இன்றும் சொல்வார்கள்.

மறுநாள் காலை 11 மணி 59 நிமிடத்துக்குப் பெரும்பான்மையோடு நிற்பேன் என்று மாண்டேல் முன்பே நாள் குறித்திருந்தார். பெரும்பான்மைக்கு வேண்டியது 1,967. விடிந்து எண்ணிப் பார்த்தால் சுமார் 40 குறைந்தது. கையில் தொலைபேசியோடு உட்கார்ந்தார். மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 50 அழைப்புகள், பெரும்பாலும் இன்னும் பெயர் சொல்லாமல் இருந்த சூப்பர் டெலிகேட்டுகளுக்கு. சொன்ன நேரத்துக்கு எண் நிறைந்தது. மொத்த மக்கள் வாக்கில் மாண்டேலுக்கு 38 சதவீதம், ஹார்ட்டுக்கு 36, மூன்றாவது இடத்தில் வந்த ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு 18. இரண்டு சதவீத வித்தியாசத்தில் ஓடிய பந்தயம், ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டு வாக்கெடுப்பில் 2,191-க்கு 1,200.5 என்று முடிந்தது. மாண்டேல் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தது ஃபெராரோவை. பெரிய கட்சி ஒன்றின் அணியில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். நவம்பரில் 49 மாநிலங்களில் அந்த அணி தோற்றது. அனுபவசாலிகள் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் வெற்றி வரும் என்ற வாதம் முதல் முயற்சியிலேயே பொய்த்தது.

18 சதவீத வாக்கு வாங்கிய ஜாக்சனுக்கு மாநாட்டில் கிடைத்தது 12 சதவீதத்துக்கும் குறைவு. அவர் அதை விடவில்லை. 1988-இல் மறுபடி நின்று, மைக்கேல் டுகாகிஸுக்கு அடுத்த இடத்தில் வந்து, அட்லாண்டாவில் பேரம் பேசினார். வாங்கிய வாக்குக்கு ஏற்ற விகிதத்தில்தான் இனிப் பிரதிநிதிகள், ஜெயித்தவருக்கே மொத்தமும் என்ற முறை எங்கும் கூடாது. அந்த ஒப்பந்தம் இருபது ஆண்டு கழித்து வேறொருவருக்கு வாழ்வு தந்தது.

2008-இன் போட்டியைப் போல நெருக்கமான ஒன்று அந்தக் கட்சியில் அபூர்வம். அந்த ஆண்டு தொடங்கும்போது வெளிப்படையாக ஆதரவு சொல்லியிருந்த சூப்பர் டெலிகேட்டுகளில் ஹிலாரி கிளிண்டனுக்கு பராக் ஒபாமாவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜனவரி 3 அன்று ஐயோவா ஒபாமாவுக்கு, 8 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஹிலாரிக்கு. நெவாடாவில் ஹிலாரி ஜெயித்தார், பிரதிநிதிகள் 13-க்கு 12 என்று ஒபாமாவுக்குக் கூடுதல். டெக்சாஸிலும் அதே கதை. கலிஃபோர்னியா, நியூயார்க், ஒஹையோ, பென்சில்வேனியா என்று பெரிய மாநிலங்கள் ஹிலாரி பக்கம். ஜெயித்தவருக்கே மொத்தமும் என்ற பழைய முறை இருந்திருந்தால் கணக்கு அவர் பக்கம்தான் சாய்ந்திருக்கும். ஜாக்சன் வாங்கித் தந்த விகித முறையில், தோற்ற இடத்திலும் ஒபாமா கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தார். மக்கள் வாக்கில் இருவருக்கும் தலா 1.7 கோடிக்கு மேல். யார் முன்னால் என்பதே, ஒபாமாவின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாத மிச்சிகன் மாநிலத்தை எப்படி எண்ணுவது என்பதைப் பொறுத்திருந்தது.

பிப்ரவரிக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. சூப்பர் டெலிகேட்டுகள் இல்லாமல் இரண்டு பேருமே பெரும்பான்மையைத் தொட முடியாது. அப்போது அவர்கள் சுமார் 825 பேர், மாநாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. விஸ்கான்சின் மாநிலத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தேசியக் குழு உறுப்பினர் என்ற வகையில் சூப்பர் டெலிகேட்டாக இருந்தார். அவரோடு காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுப் பேச ஹிலாரியின் மகள் செல்சி கிளிண்டன் வந்தார். லட்சக்கணக்கானோர் பனியில் வரிசை கட்டி வாக்களித்த நாட்டில், ஒற்றை மாணவரின் வாக்குக்கு அவ்வளவு கனம்.

ஜான் லூயிஸின் பாடு வேறு. 1965-இல் செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர், ஜார்ஜியாவின் நாடாளுமன்ற உறுப்பினர், ஹிலாரிக்கு 2007-லேயே ஆதரவு அறிவித்தவர். பிப்ரவரியில் அவருடைய தொகுதி மக்கள் பெருவாரியாக ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். வாக்குரிமைக்காக அடிபட்ட மனிதர், தன் மக்கள் போட்ட வாக்குக்கு எதிராகத் தன் வாக்கைப் போடுவதா? பிப்ரவரி முடிவதற்குள் அவர் ஒபாமா பக்கம் வந்தார். ஹன்ட் குழு கற்பனை செய்த சுதந்திரத் தீர்ப்பு இது அல்ல. மக்கள் தீர்ப்பின் முன் தலைவர் ஒருவர் தன் தீர்ப்பைத் தாழ்த்திக்கொண்டார். சூப்பர் டெலிகேட் வரலாற்றில் எனக்கு மிகவும் மரியாதை தோன்றும் இடம் அது. தானும் ஒரு சூப்பர் டெலிகேட்டான டொனா பிரசில், தன் சகாக்கள் சேர்ந்து இந்தத் தேர்தலை முடிவு செய்தால் கட்சியை விட்டே போய்விடுவேன் என்று தொலைக்காட்சியில் சொன்னதும் அந்த நாட்களில்தான்.

ஜூன் 3, மொன்டானாவும் தெற்கு டகோட்டாவும் வாக்களித்த கடைசி நாள். காலையிலிருந்து டஜன் டஜனாக சூப்பர் டெலிகேட்டுகள் ஒபாமாவுக்கு ஆதரவு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரவுக்குள் அவர் 2,118 என்ற கோட்டைத் தாண்டினார். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளில் முன்னால் இருந்தவரும் அவர்தான், அதனால் கட்சி உடையவில்லை. ஜூன் 7 அன்று ஹிலாரி விலகினார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் வாக்கெடுப்பின் நடுவே எழுந்து, ஒபாமாவை ஒருமனதாக ஏற்கலாம் என்று முன்மொழிந்தவரும் அவரே. 1980-இன் மேடையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். இந்த நாற்பது ஆண்டுகளில் மக்கள் தேர்தலில் முன்னால் வந்தவரைத் தள்ளிவிட்டு வேறொருவரை சூப்பர் டெலிகேட்டுகள் வேட்பாளராக்கியது ஒரு தடவைகூட இல்லை. கெடுதல் நடந்தது மாநாட்டு அரங்கில் அல்ல, ஆட்டம் தொடங்கும் முன்பு. 2015 நவம்பரில், அடுத்த தேர்தலின் முதல் வாக்குக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் எடுத்த கணக்கில் ஹிலாரிக்கு 359 சூப்பர் டெலிகேட்டுகள், அவரை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸுக்கு 8. தொலைக்காட்சிகள் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் காட்டும்போதெல்லாம் இவர்களையும் சேர்த்தே காட்டின. சாண்டர்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் 60 சதவீதம் வாங்கி ஜெயித்த இரவிலும் பட்டியலில் அவர் மலையின் அடிவாரத்திலேயே தெரிந்தார். அடுத்த மாநிலத்து வாக்காளர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வீட்டிலேயே இருந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? 2016 ஜூன் 6 அன்று, கலிஃபோர்னியா வாக்களிக்க ஒரு நாள் இருக்கும்போது, சூப்பர் டெலிகேட்டுகளை விசாரித்துக் கணக்கிட்டு ஹிலாரிதான் வேட்பாளர் என்று அதே நிறுவனம் அறிவித்தது. எல்லா மாநிலங்களும் வாக்களித்து முடிந்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிலும் ஹிலாரி 350-க்கு மேல் முன்னால் இருந்தார். நேர்மையாக வென்றவர் அவர். அந்த நேர்மையான வெற்றியின் மேலேயே சந்தேக நிழல் விழும்படி செய்தது இந்த ஏற்பாடு. கடைசிக் கட்டத்தில் சாண்டர்ஸ் தரப்பும் மாநாட்டுக்கு முன் மனம் மாறுங்கள் என்று அதே சூப்பர் டெலிகேட்டுகளிடம்தான் கேட்டது.

2018 ஆகஸ்ட் 25 அன்று சிகாகோவில் கூடிய தேசியக் குழு முடிவெடுத்தது. சூப்பர் டெலிகேட்டுகள் மாநாட்டுக்கு வரலாம், பேசலாம். போட்டி இருக்கும்போது முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது. முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றில் வாக்களிக்கலாம். இரண்டாம் சுற்றுக்குப் போன ஜனநாயகக் கட்சி மாநாடு கடைசியாக நடந்தது 1952-இல். அந்த முடிவை எதிர்த்தவர்களில் ஒருவர் செட்ரிக் ரிச்மண்ட், நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர்கள் குழுவின் அன்றைய தலைவர். 1982-இல் வெள்ளை ஆண்களின் கோட்டை என்று எதிர்க்கப்பட்ட இடங்களில் இதற்குள் கறுப்பின உறுப்பினர்கள் பலர் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் வந்து சேர்ந்த பிறகா கதவை மூடுகிறீர்கள் என்ற அந்த வருத்தத்தை எளிதாக ஒதுக்க முடியாது. ஆனாலும் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

தலைவர்களின் சொல்லுக்கு மதிப்பே இருக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். அந்தச் சொல் எங்கே, யாரிடம் சொல்லப்படுகிறது என்பதுதான் கேள்வி. 2020-இல் ஐயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அடிபட்டு, கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்ட நிலையில் பைடன் தெற்கு கரோலினாவுக்கு வந்தார். அந்த மாநிலத்தின் மூத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பதவியின் பேரில் சூப்பர் டெலிகேட். புதிய விதிப்படி முதல் சுற்றில் அவருக்கு வாக்கு இல்லை. பிப்ரவரி 26 அன்று அவர் தன் மக்களின் முன் நின்று, நான் பைடனை அறிவேன், அவரும் நம்மை அறிவார் என்ற பொருளில் குரல் தழுதழுக்கப் பேசினார். ஏற்பதா வேண்டாமா என்பதை வாக்காளர்களிடமே விட்டார். மூன்று நாள் கழித்துத் தெற்கு கரோலினா வாக்களித்தது. பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல், அடுத்து வந்த சாண்டர்ஸுக்கு 20-ஐ ஒட்டி. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, கிளைபர்ன் சொன்னது தங்கள் முடிவில் முக்கியமாக இருந்தது என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள்.